கோல்மன் அடித்த ஒரே பாயிண்ட்

கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் கோல்மன் மக்டெர்னனின் இடம் எப்போதும் ஒன்றுதான்: சொந்தக் கோலுக்குப் பக்கத்தில், எதிரணி முன்வரிசைக்காரன் ஒருவனை அட்டையாய் ஒட்டிக்கொண்டு. பந்தைப் பிடுங்குவான், முன்னால் ஓடுகிறவனிடம் கொடுப்பான், திரும்பி வந்து நின்றுகொள்வான். லீட்ரிம் மாவட்ட அணிக்கும் பல வருஷம் அப்படித்தான் ஆடினான். சம்பளம் கிடையாது, அந்த ஆட்டத்தில் யாருக்குமே கிடையாது. மாடுகளைக் கவனித்துவிட்டு மழையில் பயிற்சிக்குப் போவான். முழங்காலில் அறுவை சிகிச்சைகூட ஆயிற்று. பந்து கோலுக்குள் போனால் மூன்று பாயிண்ட், குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. ஆனால் கோல்மன் அந்த ஒன்றைக்கூட அடித்ததில்லை.

பக்கத்துத் தேவாலயப் பங்கான கிலாரனில் அட்ராக்டாவைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறினான்.

"இனிமே எங்க டீம்தானே மாப்ள?" என்றார் மாமனார் ஃபெலிம்.

கோல்மன் சிரித்து மழுப்பினான். பிறந்த பங்கின் அணியை விட்டு வேறு அணிச் சட்டை போட அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் வருஷா வருஷம் மைத்துனன் மாலக்கியையே மறித்து ஆட வேண்டியிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு பங்குகளும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. கோல்மனுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

"நான் அப்பா பக்கத்துலதான் உக்காருவேன். கோச்சுக்காத" என்றாள் அட்ராக்டா.

"உக்காரு. ஆனா ரொம்பக் கத்தாத."

மைதானத்தில் மாலக்கி ஆரம்பித்தான். "என்ன மச்சான், முட்டி கதவு மாதிரி கிறீச்சுங்குது?"

"எல்லாம் உங்கக்கா சாப்பாடுடா. வெயிட்டு ஏறிப்போச்சு."

மாலக்கி ஒரு கோலும் போட்டான். ஆட்டம் முடியும் தறுவாயில் கோல்மனின் அணி ஐந்து பாயிண்ட் பின்தங்கியிருந்தது. அப்போது பந்து கோல்மனிடம் வந்தது. கொடுக்க ஆள் தேடினான், எல்லோரையும் மறித்திருந்தார்கள். சரி என்று ஓடினான். பந்தைத் தரையில் தட்டியும் காலால் எற்றிக் கையில் பிடித்தும் நடுக்கோட்டைத் தாண்டினான். கிழவன் எங்கே போய்விடப் போகிறான் என்று மாலக்கி இடுப்பில் கைவைத்து நின்றான். கோல்மன் உதைத்தான். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது.

கிலாரன் கூட்டத்தின் நடுவில் அட்ராக்டா துள்ளி எழுந்தாள். "என் புருஷன்! அடிச்சது என் புருஷன்!" ஃபெலிமின் தேநீர் அவர் மடியிலேயே கொட்டியது.

நாலு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றார்கள். கோல்மன் புல்லில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதான். மாலக்கி வந்து அவன் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டான்.

மறுநாள் மாமனார் வீட்டில் விருந்து. மேஜை நடுவில் கோப்பை. ஃபெலிம் பன்றி இறைச்சியை நறுக்கி முதல் துண்டை மருமகன் தட்டில் வைத்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"உன் ஆளுதானேடா அவரு? ஏன்டா விட்ட?"

"அப்பா, ஜெயிச்சது நாமப்பா! கப்பு நம்மகிட்ட இருக்கு!"

"அது கெடக்கட்டும். தொரத்தினியா, இல்லையா?"

அட்ராக்டா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோல்மன் தலை நிமிராமல் முட்டைக்கோஸை மென்றான். காது மட்டும் சிவந்திருந்தது.

"இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு போடுங்க மாமா" என்றான்.