ஆறு ஜெயித்த வழக்கு

கிசுமு நகரத்துப் பக்கம் ஆற்றங்கரையில் மீன் வறுத்து விற்பவள் அகேயோ. தோல் ஆலை விட்ட கழிவில் மீன்கள் செத்து மிதக்கவே, அவள் ஆலைமேல் வழக்குப் போட்டாள். அவள் அண்ணன் ஒதேராவுக்கு அந்த ஆலையில்தான் வேலை. "என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே" என்றவன், அப்புறம் அவள் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நீதிபதி ஆலையை மூடச் சொல்லவில்லை. கழிவைச் சுத்தம் செய்துதான் ஆற்றில் விட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். முதலாளி முனகிக்கொண்டே அதற்கான நிலையத்தைக் கட்டினார். அடுத்த மழைக்குப் பின் ஆற்றில் மீன் துள்ளியது, பிள்ளைகள் பயமில்லாமல் குதித்தார்கள்.

ஒரு மத்தியானம் ஒதேரா கடைமுன் வந்து நின்றான். அகேயோ அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணே, வழி தப்பி வந்துட்டியா?"

"தண்ணி சுத்தம் பண்ற இடத்துக்கு என்னைத்தான் மேஸ்திரியாப் போட்டிருக்காங்க. நான் விடுற தண்ணியில வளர்ந்த மீனு எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

இருந்ததிலேயே பெரிய மீனை எடுத்து அவள் எண்ணெயில் போட்டாள். "அண்ணன்னு சும்மா தர மாட்டேன். காசு உண்டு."

"குடுக்காமப் போனா நீதான் கேஸ் போட்டுருவியே."

கடையே சிரித்தது. உகாலிக் களியோடு ஒரு பிடி பிடித்த ஒதேரா, தட்டில் முள்ளை மட்டும்தான் மிச்சம் வைத்தான்.