வாய் தேடிய கைகள்

எர்மிலோ கானுல் பட்டினி கிடந்து சாவதென்று முடிவெடுத்த ஆகஸ்டில், ஆக்டோபஸ் என்னும் பேய்க்கணவாயின் வெட்டிப்போட்ட கைகள் வாளியிலிருந்து ஏறி வந்து அவனுக்கு ஊட்டத் தொடங்கின. செலஸ்தூன் கடற்கரையில் கடல் அட்டை எடுக்கக் காற்றுக்குழாயோடு முங்கியவன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் கழுத்துக்குக் கீழே எல்லாம் செத்துப்போயிருந்தது. மனைவி நெலிதா கணவாய் சுத்தம் செய்யும் கொட்டகைக்குப் போய்விடுவாள்; அங்கே வெட்டிய கைகளில் கொஞ்சம் வாளியில் வீட்டுக்கும் வரும். அவன் கயிற்றுத் தூளியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான்.

பேய்க்கணவாயின் புத்தியில் பெரும்பகுதி கைகளில்தான் இருக்கிறது. இரையைப் பிடித்து வாய்ப்பக்கம் தள்ள அவை தலையைக் கேட்பதில்லை. தலை போனதால் வேறு வாய் தேடின. வீட்டில் சும்மா இருந்தது எர்மிலோவின் வாய். அவை ஊர்ந்து வந்த சுவரெல்லாம் கோழை. ஒரு கை சட்டியிலிருந்து நண்டை எடுத்தது. அவன் உதட்டை இறுக்கியதும், யாரும் சொல்லாமலே இன்னொன்று மூக்கை அடைத்தது. மூச்சுக்காக வாய் திறந்தபோது நண்டு உள்ளே போனது, உறிஞ்சிக் குழிகளின் அழுகல் வாடையோடு. துப்பினான். துப்பியதையே எடுத்து மறுபடி திணித்தன.

"இதுங்களக் கொன்னுடு நெலி. சாகக்கூட விடமாட்டேங்குதுங்க."

வேலை முடிந்து வந்த அவள் கத்தியை எடுத்தாள். அந்த ஊரில் கணவாயைக் கொல்ல ஒரே வழி, இரண்டு கண்ணுக்கும் நடுவே குத்துவது. வேறு வழி யாரும் பழகியதில்லை.

"எங்க குத்துறது? கண்ணு எங்கய்யா இருக்கு இதுக்கு?"

வந்த கோபத்தில் ஒன்றைத் துண்டு துண்டாக நறுக்கினாள். ஒவ்வொரு துண்டும் தன் அளவுக்கு ஒரு நண்டுத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு தூளிக் கயிற்றில் ஏறியது. அவள் வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

பக்கத்து வீட்டு சோய்லா எட்டிப் பார்த்து, "எங்காளுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு, ஒரு தட்டு கழுவினதில்ல. இதுல ரெண்டு எனக்குக் குடு" என்றாள்.

எர்மிலோ அழுதுகொண்டே தின்றான், பிறகு அழாமல் தின்றான். சில வருடங்களில் தூளிக் கயிற்றை மாற்றும் அளவுக்குப் பருத்தான். சாவைப் பற்றிய பேச்சு, யாரும் கவனிக்காமல், உப்புப் போதவில்லை என்ற பேச்சாக மாறியது. வாடை மட்டும் போகவில்லை.

ஒருநாள் கொட்டகையிலிருந்து வந்த நெலிதா, சமைக்கத் தெம்பில்லாமல் தரையிலேயே சாய்ந்தாள். வழவழப்பான ஏதோ அவள் தாடையைத் தொட்டு, உதட்டில் நண்டுச் சதையை வைத்தது. கெட்ட வார்த்தையில் அதைத் திட்டினாள். பிறகு மென்றாள்.