கொட்டாவி என்று பதிவான அழுகை

மனைவி இறந்தபோது அந்த ஓட்டுநர் அழவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். தலைமாட்டில் மகள் குரல் கம்மும்வரை அழுதாள். அவர் மட்டும் வாசல் ஓரம் நின்று, வருகிறவர்களுக்குச் செருப்பு விட இடம் காட்டிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டு போகும்போதும் கண் நனையவில்லை. "அவன் சின்ன வயசுலேருந்தே கல்லுதான்" என்று அவருடைய அக்கா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். மகள் அதை மறுக்கவில்லை.

கல் என்பது சரியில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது. கால் இருக்கிறது என்று தெரிகிறது, கிள்ளினால் உறைக்கவில்லை. காலை உதறினால் சரியாகிவிடும். நெஞ்சை எப்படி உதறுவது?

லீவு முடியும்முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டார். நகரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும் பஸ். வழி கைக்கே தெரியும், மனசு கூட வரவேண்டிய அவசியமில்லை. அவருடைய நடத்துநருக்கு டிப்போவில் ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் நிகழ்ச்சி முடியாமல் மூடமாட்டான். ஓட்டுநரை மாமா என்றுதான் கூப்பிடுவான். உறவு ஒன்றும் கிடையாது, பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய பழக்கம். அந்த நாட்களில் ரேடியோகூடக் குரலைக் குறைத்துக்கொண்டான்.

ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, கண்ணாடிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கேமரா இருந்தது. கண் சொருகினால் கீச்சென்று கத்தும், தலை திரும்பினால் கத்தும், கொட்டாவி விட்டாலும் கத்தும். ஓட்டுநர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாமியார் முழிச்சிருக்கா, பாத்துடா" என்று ஒருத்தரை ஒருத்தர் எச்சரிப்பார்கள். வைத்தபோது முணுமுணுத்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பழகிக்கொண்டார்கள். தூங்கி வழிந்து யார்மேலாவது ஏற்றிவிட்டால் என்ன ஆவது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அவராலும் முடியவில்லை.

சில மாதம் கழித்து டிப்போவில் பாதுகாப்புப் பயிற்சி வைத்தார்கள். மேல்மாடிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வெள்ளைத் திரை. கேமரா கம்பெனியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, எல்லாரையும் சிரிக்கவைத்தே பாடம் நடத்தவேண்டும் என்ற எண்ணம். ஓரத்தில் டிப்போவின் பாதுகாப்பு அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார்.

திரையில் துண்டு துண்டாகப் படங்கள் ஓடின. ஒருவர் ஸ்டியரிங்மேல் கன்னம் வைத்துத் தூங்குகிறார். ஒருவர் கொட்டாவி விட, அதைப் பார்த்து முன்சீட்டுப் பயணியும் விடுகிறார். கூடம் சிரித்தது. ரேடியோ போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"இப்ப பாருங்க, இதான் நம்ம ஸ்டார்" என்றார் பயிற்சியாளர்.

ஒரு ஆள். நின்றிருக்கும் பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கையில். வாய் பிளந்து திறக்கிறது. கண்கள் இறுக மூடுகின்றன. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்குகின்றன. மறுபடி வாய் திறக்கிறது, இன்னும் பெரிதாக. படத்தின் அடியில் மஞ்சள் எழுத்து: கொட்டாவி. அபாயம்: அதிகம். படத்தில் ஓசை கிடையாது.

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டுநரும் லேசாகச் சிரித்தார். யார் இந்த ஆள், இவ்வளவு பெரிய வாய் என்றுதான் நினைத்தார். பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பச்சைத் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. அது அவருடைய கடைசி நிறுத்தம். திரையில் அந்த ஆள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலியான முன்சீட்டைப் பார்த்து ஏதோ பேச ஆரம்பித்தான். உதடுகள் மட்டும் அசைந்தன.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது.

"சார், நிறுத்துங்க" என்றான் ரேடியோ.

"ஒரு நிமிஷம், இனிமேதான் முக்கியமான இடம். மூணாவது கொட்டாவில..."

"அது கொட்டாவி இல்ல சார்!"

பயிற்சியாளர் திரையையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாத் தலைகளும் ஒரே நாற்காலியை நோக்கித் திரும்பியிருந்தன. அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "பேர் எதுவும் போடலையே... இது வேற டிப்போ படம்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

ஓட்டுநருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. யாரோ ஒருவரின் துக்க வீட்டுக்குத் தவறி நுழைந்துவிட்டதுபோல இருந்தது. 'அப்படியானால் நான் அழுதிருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டார். அந்த நாள் அவருக்கு ஞாபகமே இல்லை.

அதிகாரியம்மா அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மேஜைமேல் இருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். கெட்டவர் இல்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே. இந்தப் படத்த நான் பாத்துட்டுத்தான் அனுப்பினேன். ஆனா ஒழுங்கா பாக்கல. மெஷின் கொட்டாவின்னு எழுதியிருந்துச்சு, எனக்கும் கொட்டாவியாத்தான் தெரிஞ்சுச்சு."

"என்னைக்கு எடுத்தது அது?"

கணினியில் பார்த்துச் சொன்னார். ஓட்டுநர் வேலைக்குத் திரும்பிய அந்த வாரம்.

"அப்ப அது கத்தியிருக்கும் இல்ல?"

"கத்தியிருக்கும். விடாம கத்தியிருக்கும்."

"எனக்குக் கேக்கல" என்றார். பிறகு, "அழிச்சிடுங்க" என்றார்.

அவர் கண் எதிரிலேயே அதிகாரியம்மா அழித்தார். "போயிடுச்சு."

"எங்கேருந்து?"

"இங்கேருந்து." அவர் பொய் சொல்லத் தெரியாதவராக இருந்தார். "கம்பெனிக்காரங்களுக்கும் எழுதுறேன். அழிச்சிட்டோம்னு பதில் வரும். நிஜமாவே அழிச்சாங்களான்னு என்னால போய்ப் பாக்க முடியாது. இன்னொண்ணும் இருக்குண்ணே. இந்த மாதிரி படங்கள வச்சுத்தான் மெஷினுக்குச் சொல்லிக்குடுக்கறாங்க. கொட்டாவின்னா இப்படி இருக்கும்னு அது உங்கள பாத்தும் கத்துக்கிட்டிருக்கும். படத்த அழிக்கலாம். கத்துக்கிட்டத எப்படி அழிக்கிறதுன்னு அவங்களுக்கே சரியா தெரியாதுங்கறாங்க."

ஓட்டுநர் தலையாட்டினார். இனி எங்கேயோ எவனோ வண்டியை நிறுத்திவிட்டு அழுதால் அந்தப் பெட்டி அவனைப் பார்த்து, தூங்காதே என்று கத்தும். அதில் தன் பங்கும் இருக்கும். அதை நினைத்தபோதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். மதிய வண்டி அவருடையது.

மறுநாள் சாயங்காலம் மகள் வந்தாள். வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தவள். அம்மா போனபிறகு வருவது அருகிப்போயிருந்தது. வந்தாலும் அலமாரியைத் துடைப்பாள், துணி மடிப்பாள், கிளம்பிவிடுவாள். அன்றைக்குக் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் எதிரில் நின்றாள்.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"எத?"

அவள் போனை நீட்டினாள். அதே முகம், அதே வாய், கூடத்தின் திரையிலிருந்து எடுத்தது. ஓரத்தில் யாருடைய பின்மண்டையோ தெரிந்தது. ஓசையும் இருந்தது, கூடத்தின் சிரிப்பு. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரேடியோ அங்கிள் அனுப்பினாரு. 'உங்கப்பா அழலன்னு இனிமே சொல்லாதம்மா'ன்னு எழுதியிருந்தாரு. ஆபீஸ்ல பாத்தேன்ப்பா. பாத்ரூம்ல போய் உக்காந்து திரும்பத் திரும்பப் பாத்தேன்." அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் எவ்வளவு பேசிட்டேன் உங்கள!"

"பேசுனா என்ன. நீ பாத்தத பேசுன."

"அதில்லப்பா." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கடைசில ஏதோ பேசுறீங்களே. அம்மாகிட்டதானே? என்ன சொன்னீங்க?"

"தெரியலம்மா."

"சொல்ல விருப்பமில்லையா?"

"நெஜமாவே தெரியல. அழுததே தெரியாது எனக்கு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "எங்க ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. உதட்டசைவ பாத்து என்ன பேசுறாங்கன்னு எழுதிக்குடுக்குற ஆப் இருக்காம். இந்தப் படத்த போட்டா போதுமாம். நான் இன்னும் போடல. உங்கள கேட்டுட்டுப் போடலாம்னுதான் வந்தேன். போடட்டுமா?"

கேமரா வைத்ததிலிருந்து இதுவரை யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. கையெழுத்து வாங்கினார்கள், அது வேறு. வேண்டாம் என்று சொன்னால் நிஜமாகவே நின்றுவிடும் என்ற மாதிரியான கேள்வி இதுதான் முதல் தடவை. அதற்காகவே 'சரி, போடு' என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

"வேண்டாம்மா" என்றார்.

"அம்மாகிட்ட என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிக்கணும்னு இல்லையா?"

அவர் வார்த்தை தேடினார். அது அவருக்கு லேசில் வருவதில்லை. "நீ கேட்டு நான் சொன்னா அது என் பேச்சு. எனக்கே தெரியாதத ஒரு மெஷின் எழுதிக்குடுக்கும். இததான் நான் உங்கம்மாகிட்ட சொன்னேன்னு நீயும் நம்பணும், நானும் நம்பணும். தப்பா எழுதினாலும் அதுதான் நெலச்சிடும்." பிறகு, "கொட்டாவின்னு சொன்னதும் ஒரு மெஷின்தானே" என்றார்.

மகள் குபீரென்று சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. அவர் அவள் முதுகில் கை வைத்தார். எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. இளைத்துவிட்டாள் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு தகப்பனுக்கு உறைக்கவேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரியும். உறைக்கவில்லை. கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் பார்க்கவே படத்தை அழித்தாள். "போச்சுப்பா. வேற எங்கயும் எடுத்து வைக்கல. நம்புறீங்களா?"

"நம்பாம?" என்றார். அது நம்பிக்கையா, இல்லை சந்தேகப்படக்கூடத் தெம்பில்லாத அலுப்பா என்று அவருக்கே விளங்கவில்லை. அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

காலையில் ரேடியோ டிப்போ வாசலிலேயே நின்றான்.

"மாமா, நல்லதுக்குத்தான் அனுப்பினேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல..."

"தெரியும்."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"கேமரா வச்சதும் நல்லதுக்குத்தான். பாடம் நடத்துனதும் நல்லதுக்குத்தான். நீ அனுப்புனதும் நல்லதுக்குத்தான். கெட்டதுக்குன்னு யாருமே ஒண்ணும் பண்ணலடா." குரலில் சூடில்லை. "வேற யாருக்காவது அனுப்பினியா?"

ரேடியோ நிகழ்ச்சியே இல்லாமல் நின்றான். பிறகு, "என் பொண்டாட்டிக்கு மட்டும் மாமா. அவ யார்கிட்டயும் காட்டமாட்டா" என்றான்.

"அழிக்கச் சொல்லு."

"சொல்றேன் மாமா. அழிச்சிடுவா."

ஓட்டுநர் வண்டியில் ஏறினார்.

அதிகாரியம்மா சொன்னபடி எழுதியிருக்கவேண்டும். சில வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: இந்த டிப்போ ஓட்டுநர்களின் படம் எதையும் அவரவர் சம்மதம் கேட்காமல் பயிற்சியில் காட்டக்கூடாது. கம்பெனியிடமிருந்தும் பதில் வந்தது. அழித்துவிட்டோம், வருந்துகிறோம் என்று. கேமரா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஓட்டுநர்களிடம் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றதும் யாரும் இருக்கையில் இருப்பதில்லை. மூக்கைச் சொறிவதற்குக்கூட இறங்கிப் பஸ்ஸின் பின்பக்கம் போய்விடுகிறார்கள். பயணிகள் டயரில் ஏதோ கோளாறு என்று எட்டிப் பார்ப்பார்கள்.

மகள் இப்போது மதியத்தில் போன் பண்ணுகிறாள். அவரும் இறங்கி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று பேசுவார். பெரிதாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். முட்டி வலி எப்படி இருக்கு, இருக்கு. ஒருநாள் அவள் திடீரென்று, "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு, அழுறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"இல்லம்மா" என்றார். "தொட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

நேரமாகிவிட்டது என்று ரேடியோ விசில் ஊதினான். அவர் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வண்டியை எடுத்தார்.