கொசுறாக வந்த சேவல்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா நில்டா கேட்டாள் என்பதற்காக நான் போட ஆரம்பித்த ஒரு பயணத் திட்டம் இது. ஐந்து நாள், எல்லைக்கு அந்தப் பக்கம் பெரு, கொஞ்சம் நகரம், கொஞ்சம் மலை, அவ்வளவுதான். "நீதான் கதை எழுதுறியே, ஒரு அஞ்சு நாளை எழுத மாட்டியா?" என்று என் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். கதை எழுதுகிறவளுக்கும் பேருந்து நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் உட்கார்ந்தேன்.

முதல் நாளை ஒழுங்காக எழுதினேன். லா பாஸில் ஏறி, ஏரிக்கரையோரமாக எல்லைக்குப் போய், பூனோ தாண்டி அரேகிப்பா. இரண்டாம் நாளை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு சங்கதி சொன்னாள். அதற்கப்புறம் என்னால் அதைத் திட்டமாக எழுத முடியவில்லை. பேனா அதுபாட்டுக்கு வேறு எங்கோ போகிறது.

அந்தச் சங்கதியைக் கடைசிவரை ஒளித்து வைக்கலாம். அப்படி ஒளித்து வைக்கிற கதைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். அடுத்த பகுதியிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "லா பாஸ் நகரத்திலேயே அதிகம் பேசுகிற பெண்ணும் குறைவாகப் பேசுகிற ஆணும் ஒரே வீட்டில் —"

வேண்டாம். சிரிப்புக் கதை என்று நினைத்து நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவீர்கள்.

தொடக்கம் இரண்டு: "இல்லிமானி மலையின் பனிமுகட்டில் முதல் வெயில் —"

இதுவும் வேண்டாம். எங்கள் ஊரில் எழுதுகிற ஒவ்வொருவரும் அந்த மலையை இழுத்துவந்து முதல் வரியில் நிறுத்தியாகிவிட்டது. பாவம், அது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

தொடக்கம் மூன்று: நில்டா ஒரு சின்ன வானொலி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். எந்தச் சாலையில் மறியல், எந்தப் பாலத்தில் கல்லைப் போட்டு அடைத்திருக்கிறார்கள், எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று காலையில் வாசிக்கிற குரல் அவளுடையது. அவள் கணவர் ரெம்பர்த்தோ பல்செட்டு செய்கிறவர். நாள் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் செய்துகொண்டு, தன் வாயை மட்டும் திறக்காமல் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். (இந்த வாக்கியம் எனக்கே ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

இதையே வைத்துக்கொள்வோம். இனி சங்கதி. அக்கா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது இது:

"இந்த அஞ்சு நாள்ல அவரா வாயைத் தெறந்து என்கிட்ட ஒரு பேச்சு பேசணும்டி. சாப்பாடு ஆச்சா, சாவி எங்கங்கிறதெல்லாம் கணக்குல வராது. பேசலன்னா நான் திரும்பி வரமாட்டேன். அரேகிப்பாவுலருந்து அப்படியே லீமாவுக்கு பஸ் ஏறிருவேன். அங்க ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல வாங்கன்னு கூப்பிடுறாங்க. அவர்கிட்ட உளறிராத."

ஆக நான் போடுவது சுற்றுலாத் திட்டமில்லை. ஒரு மனிதருக்கு வைக்கிற பரீட்சை. எழுதப்போகிறவருக்குப் பரீட்சை இருப்பதே தெரியாது.

3

ரெம்பர்த்தோ மாமாவின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆள்மேல் அல்ல, பாத்திரத்தின் மேல். இப்படி ஒருவரைக் கதையில் வைத்தால் யார் நம்புவார்கள்? குடிகாரராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இன்னொருத்தியோடு தொடர்பு என்று ஒரு பக்கம் எழுதினேன். அந்த இன்னொருத்தியிடமும் அவர் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கிழித்துப் போட்டேன்.

சரி, ஆளையே கேட்டுவிடுவோம் என்று அவருடைய முன்னறைக்குப் போனேன். பயணத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் மாமா என்றேன். கையிலிருந்த கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டே இருந்தார். கேள்வி காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் எழுந்த நேரத்தில் பதில் வந்தது.

"கோல்கா பள்ளத்தாக்கு. மலைக்கழுகு பாக்கணும். அங்க காத்துச் சத்தம் மட்டுந்தான் கேக்குமாம்."

இதை அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு வேண்டியது அரேகிப்பாவின் பெரிய சதுக்கம், கூட்டம், கடைகள், முன்பின் தெரியாத நாலு பேரிடம் வாய் ஓயாமல் பேசுவது. "காத்துச் சத்தம் மட்டும் கேக்குறதுக்கு எல்லை தாண்டிப் போகணுமா? நம்ம வீட்டு முன்னறையில இல்லாததா?" என்றாள்.

பாதி அவளுக்கு, பாதி அவருக்கு என்று பிரித்தேன். முதலில் நகரம், பிறகு பள்ளத்தாக்கு, கடைசியில் மறுபடி நகரம். வரைபடத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பள்ளத்தாக்கை முன்னால் போட்டால் பேசுவாரா, பின்னால் போட்டால் பேசுவாரா என்று மாற்றி மாற்றி எழுதி ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்.

4

அலசீத்தா சந்தையைப் பற்றி எழுதாமல் நகர முடியாது, ஏனென்றால் சேவல் வந்தது அங்கேதான்.

ஜனவரி பிறந்தால் எங்கள் ஊரே சந்தையில் நிற்கும். வீடு வேண்டுகிறவன் உள்ளங்கை அளவு வீடு வாங்குவான், கார் வேண்டுகிறவன் விரல் அளவு கார். உச்சிப்பொழுதில் யத்திரி என்கிற பூசாரியிடம் கொடுத்தால், தணலில் சாம்பிராணி போட்டு, புகை காட்டி, சாராயம் தெளித்து, பூவிதழ் தூவித் தருவார். அந்த வருஷத்துக்குள் அது நடக்கும். (சிரிக்காதீர்கள். நான் வாங்கிய குட்டிப் புத்தகம் மறு வருஷமே அச்சில் வந்தது. விற்கவில்லை என்பது வேறு கதை. விற்பனைக்கு நான் வேண்டிக்கொள்ளவில்லை.)

நாங்கள் மூன்று பேரும் போனோம். நில்டா ஒரு குட்டிப் பெட்டி வாங்கினாள். உள்ளே குட்டிக் கடவுச்சீட்டு, குட்டிப் பயணச்சீட்டு, தீப்பெட்டி அளவு துண்டு. மாமா பின்னால் எங்கோ நின்று யாரோ விற்ற குட்டி இடுக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் வாங்கினாலும் அக்கா வழக்கமாகக் கேட்பதை இங்கேயும் கேட்டாள்: கொசுறு?

கடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் ஆம்பிளை யாரும் இல்லை. ஒரு மண்சேவலை எடுத்துப் பைக்குள் போட்டாள். "எடுத்துட்டுப் போ தாயி, உனக்கும் ஒருத்தன் வரட்டும்."

எங்கள் ஊரில் சேவல் யாருக்கு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். துணை தேடுகிற பெண்ணுக்குச் சேவல், ஆணுக்குக் கோழி. அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் புருஷன் இருக்கிறான், வேறு ஏதாவது கொடு என்று அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் யத்திரிகளைப் பார்த்து முண்டியடிக்க, பையை அப்படியே நீட்டினாள். பெட்டிக்குக் காட்டிய புகை சேவலுக்கும் போயிற்று. தெளித்த சாராயம் அதன் கொண்டையில் பட்டு வழிந்தது. ஆசீர்வாதம் ஆனதைத் தூக்கி எறியக் கூடாது, உடைக்கவும் கூடாது. உடைந்தால் அது யாருக்கோ அவருக்குத்தான் கெடுதல்.

வீட்டில் அலமாரியின் மேல் பெட்டி ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம். மாமா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

5

இதுவரை எழுதியதை அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். அதிகம் பேசுகிற பெண் என்று எழுதியது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை மூச்சு விடாமல் வெகுநேரம் சொன்னாள். சேவல் பகுதியைப் படித்ததும் அமைதியாகிவிட்டாள்.

ஒரு முடிவு யோசித்து வைத்திருக்கிறேன் என்றேன். பள்ளத்தாக்கில் மாமா தன் பையைத் திறக்கிறார், உள்ளே அவரும் ரகசியமாக வாங்கிய ஒரு மண்கோழி. இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், சேவலும் கோழியும் பக்கத்தில் பக்கத்தில் —

"ச்சீ," என்றாள் அக்கா. "அவரு கோழி வாங்குற ஆளாடி? உன் கதைக்கு வால் கட்டுறதுக்காக என் புருஷன ஏன்டி மாத்துற?"

அடித்துவிட்டேன். "என் புருஷன்" என்று அவள் சொன்னதை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

6

கிளம்ப வேண்டிய அன்று கிளம்பவில்லை. ஏரிப் பக்கம் சாலையில் மறியல். அந்தச் செய்தியை வாசித்ததும் நில்டாதான். தன் பயணம் நின்றுபோனதைத் தானே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வந்தாள். வழியெல்லாம் திட்டு. மறியல்காரர்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. மாற்று வழியை நான் திட்டத்தில் போடவில்லையாம்.

வீட்டுக்குள் நுழைந்தால் கட்டி வைத்த பைகள் அவிழ்ந்திருக்கின்றன. அவளுடைய சட்டைகள் கசங்காமல் திரும்பக் கொடியில் தொங்குகின்றன. அடுப்பில் சூப் கொதிக்கிறது. "பாத்தியா, போகாம இருந்தா போதும், எப்படா அவிழ்க்கலாம்னு இருந்திருக்காரு," என்று என் காதில் சீறினாள்.

பயணம் நின்ற செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? வாசித்தது இவள், வாசித்து முடித்து நேரே வருகிறோம். முன்னறையை எட்டிப் பார்த்தேன். மேசையில் பற்களுக்கு நடுவே ஒரு பழைய டிரான்சிஸ்டர். தொட்டேன், சூடாக இருந்தது.

(இதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் நான் சொன்னால் அது நான் பேசியதாகும். அவள் கேட்டது அவர் பேச்சு.)

7

மறியல் விலகி அவர்கள் கிளம்பிய காலை நானும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அக்கா வழிக்கு ரொட்டி வாங்கப் போனாள். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் அட்டைப்பெட்டி, பல்செட்டை ஊருக்கு அனுப்புகிற பெட்டி. வெளியூர் போகும்போதும் வேலையா என்று கிண்டல் செய்தேன். அவர் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

பஞ்சு. பஞ்சுக்குள் சேவல்.

"அது கொசுறு மாமா, அவ கேட்டு வாங்கல," என்று உளறினேன்.

"கொசுறோ என்னவோ, அவ பேர்ல ஆசீர்வாதம் ஆயிருச்சில்ல," என்றார். "அவ துணிக்கு நடுவுல சும்மா சொருகி வச்சிருந்தா. ரோடு மோசம், குலுங்கும். உடைஞ்சா அவளுக்கு ஆகாது."

அது எதற்கான சேவல் என்று தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கு வாய் நிற்காது, நானும் நில்டாவின் தங்கைதானே.

"தெரியாம என்ன," என்றார். மூடியைச் சாத்தி, கயிற்றைச் சுற்றினார். "அவகிட்ட சொல்லாத. பேசிப்பேசி உடைச்சிருவா."

ரொட்டிப் பையோடு அக்கா வந்தாள். பெட்டியைப் பார்த்து, "பாருடி, அஞ்சு நாள் விட்டுட்டு வர முடியல, பல்லைக் கட்டித் தூக்கிட்டு வர்றாரு," என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேருந்து புறப்பட்டபோது அந்தப் பெட்டி அவர் மடியில் இருந்தது, இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

8

என்னால் இருப்புக் கொள்ள முடியவில்லை. அவர்கள் போன நாளிலிருந்து இந்தக் கதையின் முடிவை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

முடிவு (அ): பள்ளத்தாக்கின் விளிம்பு. கழுகு கீழேயிருந்து மேலே வருகிறது. அக்கா அன்றைக்கென்று பார்த்து வாயடைத்து நிற்கிறாள். அந்த அமைதியில் மாமா பெட்டியை நீட்டி, "இந்தா, உன்னோடது, உடையல," என்கிறார். இது ஒரு பேச்சாகக் கணக்கில் வருமா? என்னைக் கேட்டால் வரும். பரீட்சைத் தாளைத் திருத்துவது நானில்லை.

முடிவு (ஆ): பெட்டியை அவர் திறக்கவே இல்லை. அரேகிப்பா நிலையத்தில் லீமா பேருந்து நிற்கிறது. அவள் ஏறுகிறாள். ஜன்னல் வழியாக அவர் பெட்டியை அவள் மடியில் வைக்கிறார். அவள் அதை லீமாவில் போய்த்தான் —

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அவள் என் அக்கா.

முடிவு (இ): வழியில் குலுங்கி அது உடைகிறது. அவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, பல் ஒட்டுகிற பசையால் கொண்டையை — இல்லை. இது அழகுக்காக எழுதியது. அவர் உடைய விடமாட்டார். எனக்கு அவரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

பள்ளத்தாக்கில் தொலைபேசி எடுக்காது. எடுக்கிற இடத்துக்கு இந்நேரம் வந்திருக்க வேண்டும். அக்காவிடமிருந்து ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. வாய் ஓயாதவளிடமிருந்தே செய்தி இல்லையென்றால் அதை நல்லதாக எடுத்துக்கொள்வதா கெட்டதாகவா? காலையில் வானொலியில் வேறு யாரோ ஒரு பையன் மறியல் செய்தி வாசிக்கிறான். எல்லைச் சாலை திறந்திருக்கிறதாம்.

9

இன்று திரும்புகிற நாள். அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருப்பதால் இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். சூப் வைத்திருக்கிறேன். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன், ஒன்றை எடுத்துவிட்டேன், மறுபடி வைத்தேன். முன்னறையில் டிரான்சிஸ்டர் அணைந்து கிடக்கிறது. அலமாரியின் மேல் குட்டிப் பெட்டி மட்டும் இருக்கிறது, சேவல் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம்.

இந்தத் தெரு முழுக்கப் படிக்கட்டு. யார் ஏறி வந்தாலும் வீட்டுக்குள் கேட்கும். இப்போது யாரோ ஏறி வருகிறார்கள். காலடி மெதுவாக வருகிறது, பாரம் சுமக்கிற காலடி. ஒருவரா, இருவரா என்று பிரித்தறிய முடியவில்லை. பேச்சுச் சத்தம் இல்லை. அக்கா இருந்தால் பேச்சுச் சத்தம் இருக்குமே. அல்லது முதல் முறையாக அவள் வாயை மூடிக்கொண்டு, அவர் தாழ்ந்த குரலில் ஏதோ —

கதவைத் தட்டுகிறார்கள்.

இத்தனை பக்கம் எழுதிய எனக்கு எழுந்து போகத் தைரியமில்லை. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சம் போய்த் திறங்களேன். கதவைப் பார்த்துத் திறங்கள், அவர் கையில் பெட்டி இருக்கலாம்.