காம்போடு பறித்த பழம்

மஞ்சக்குட்டைக் காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் அமுதவல்லி ஒரு நாவல் படித்தாள். வெளிநாடு போன ஒருவன் பேச ஆளில்லாமல், தினமும் அங்குள்ள மியூசியத்தில் ஒரே ஓவியத்தின் முன்னால் போய் உட்கார்ந்திருப்பான். ஓவியத்தில் ஒரு பெண், மடியில் கூடை நிறையச் சிவந்த பழம். அமுதவல்லிக்குப் பழம் என்றால் காப்பிப் பழம்தான்.

அந்த மியூசியம் இருக்கும் ஊரில்தான் அவள் மகன் பாலகுமார் வேலை பார்த்தான். எப்போதாவது கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவன். அவள் நச்சரித்த நச்சரிப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்குள் நின்று வீடியோவில் கூப்பிட்டான். போனை ஓவியத்தின் பக்கம் திருப்பினான்.

"பழத்தையெல்லாம் காம்போட பறிச்சுப் போட்டிருக்காங்களே சாமி," என்றாள் அமுதவல்லி. "அடுத்த வருசம் அந்தக் கிளையில என்னத்தக் காய்க்கும்? நம்ம எஸ்டேட் ஆளா இருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

"அது செர்ரிங்கம்மா, காப்பி இல்ல." அவன் சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "பாத்தாச்சுல்லீங்க, வெச்சுரட்டுமா?"

"படம் எவ்வளவு பெருசுன்னு தெரியலியே. நீயும் பக்கத்துல நில்லு, பாக்கோணும்."

அவன் நின்றான். அவள் படத்தைப் பார்க்கவில்லை. அவன் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அடுத்த அத்தியாயத்துல இன்னொரு படம் வருது கண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை அதையும் காட்டிப்போடு."

"நொம்பத்தான் படிக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

அடுத்த அத்தியாயத்தில் ஓவியம் எதுவும் இல்லை. அதில் அந்த ஆள் ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறான்.