எது சாது, எது வாலு

இரட்டைப் பெண் குழந்தைகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திணறித்தான் போனார்கள். அச்சில் வார்த்தது போல இரண்டு முகங்கள். அம்மாவுக்கு மட்டும் குழப்பமே வந்ததில்லை. ஒருத்தி விழித்திருக்கும் நேரமெல்லாம் கைகாலை உதைத்துப் போர்வையைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். மற்றவள் போட்ட இடத்தில் கிடந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலாமவள் வாலு, அடுத்தவள் சாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் அப்பாகூட, யாராவது கேட்டால், "கொஞ்சம் இருங்க, எது ஒதைக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பார்.

ஒன்பதாம் மாதம் இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில்களில் கந்தல் துணியாகத் துவண்டு கிடந்தார்கள். ஊசி குத்துவதற்காகப் பேர் எழுதிய கைப்பட்டைகளைக் கழற்றியிருந்தார்கள். புதுப் பட்டை கட்ட வந்த நர்ஸ், "இதுல எதும்மா வாலு?" என்று கேட்டாள்.

அம்மா மாறி மாறிப் பார்த்தாள். இரண்டுமே அசையவில்லை. அப்போது ஜன்னலோரக் குழந்தையின் கால் ஒருமுறை வெட்டி இழுத்தது.

"இதுதான்" என்றாள்.

அன்று மாலையே ஜன்னலோரக் குழந்தை இறந்துபோனது. வாலு போய்விட்டாள் என்று வீடே அழுதது.

பிழைத்தவள் வெகுநாள் நோஞ்சானாக ஒடுங்கிக் கிடந்தாள். சாதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. நடக்கத் தொடங்கியதும்தான் வினை. ஐந்து வயதுக்குள் அவள் இருக்கும் இடம் ரெண்டுபட்டது. "பேருக்குத்தான் சாது!" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பாள். அம்மாவோ மகளின் கால்களையே பார்ப்பாள்.

ஒரு மதியம் மகள் அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்து, கதவைத் தடதடவென்று காலால் உதைத்தாள். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா, "வாலு! எறங்குடி!" என்று கத்திவிட்டாள்.

உதை நின்றது. "வாலு யாரும்மா?"

மறுநாளே குழந்தை மருத்துவரிடம் போனார்கள். பிழைத்தது வாலுதானோ என்ற அம்மாவின் சந்தேகத்தை அவர் பொறுமையாகக் கேட்டார். "கைக்குழந்தையா இருக்கறப்ப துறுதுறுன்னு இருந்ததுங்கள்ல பலது பின்னாடியும் அப்படித்தான் இருக்கும். ஆனா அதையே சட்டம்னு சொல்ல முடியாதும்மா. அமைதியா கெடந்ததும் வளந்து ஆடித் தீக்கும்."

"அன்னிக்குக் காலு வெட்டிச்சே, டாக்டர்?"

"கடுங்காய்ச்சல்ல யாருக்கும் வெட்டும்."

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியாதா?"

"ஒரே கரு பிரிஞ்ச இரட்டை. சாதாரண சோதனையில ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டும்."

வெளியே வந்ததும் அப்பா அவள் கையைப் பிடித்தார். "யாரா இருந்தா என்ன? நம்ம பொண்ணுதானே."

"அப்ப நாம யாருக்குங்க அழுதோம்?"



வீட்டுக்கு வந்து அம்மா மகளை மடியில் இருத்தி, உன்னோடு ஒன்றாகப் பிறந்து அச்சு அசலாக உன்னைப் போலவே இருந்த அக்கா ஒருத்தி உனக்கு இருந்தாள் என்று சொன்னாள். மகள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரின்னா, எங்கள எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

அம்மா அவள் தலையைக் கோதினாள்.

அதற்குப்பின் அவள் மகளைச் சாது என்று கூப்பிட்டதே இல்லை. கண்ணு என்பாள், தங்கம் என்பாள். அவள் ஓடிக் குதிக்கும்போது அதட்டுவதும் இல்லை. எப்போதாவது மகள் படம் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டால்தான் அம்மாவுக்குத் தாளாது. கிட்டே போய்த் தோளைத் தொட்டு அசைப்பாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு" என்பாள். ஆனால் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.