யாரும் கேட்காத முடிவுரை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றாலே மசினாவுக்கு எரிச்சல்தான். தேவாலயம் முடிந்து, வெள்ளை உடுப்பைக் களைந்து, உமு அடுப்பின் சூடான கற்களுக்கு அடியிலிருந்து சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொதிகளும் வெளியே வருவதுவரை ஒரு குறையுமில்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்து முதல் கவளத்தை விழுங்கியதும் லிலியா அத்தை ஆரம்பித்துவிடுவாள்.

"வெலிங்டன்ல இத்தனை வருஷம் உக்காந்து என்னத்தடி படிச்ச?"

"வரலாறு, அத்தை."

அத்தைக்கு அது தெரியும். தெரிந்தேதான் வாராவாரம் கேட்பாள்.

"நடந்து முடிஞ்சதையா? அதுக்கா விமானம் ஏறிப் போன? வீட்டுல இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே. என் மகளைப் பாரு, ஊசி போடுறா, சம்பளம் வாங்குறா. நீ யாருக்குடி ஊசி போடுவ, செத்துப்போன ராசாவுக்கா?"

பாயைச் சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். அத்தையின் மருமகன் எலிசாலா கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பான். அவன் திருச்சபைப் பள்ளியில் ரக்பி பயிற்சியாளர். ஊரில் அவனுக்கு இருக்கும் மதிப்பில் பாதி போதகருக்கு இருந்தால் அதிகம். மசினாவின் அப்பா பாவுலோ மட்டும் சிரிக்க மாட்டார். மகளின் பக்கம் இன்னொரு கீரைப் பொதியைத் தள்ளி வைப்பார்.

அத்தையைக்கூட மன்னித்துவிடலாம். மசினாவால் மன்னிக்க முடியாதது பல்கலைக்கழகம் கொடுத்த அந்தக் கையேட்டைத்தான். வரலாறு படித்தவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம், பத்திரிகை, வானொலி, அரசுத் துறை, சட்டம், ஆசிரியப் பணி என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம் என அதில் அச்சடித்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த ஊரில் வேலை கிடைத்ததோ தெரியவில்லை. தலைநகரான ஆப்பியாவில் மசினா ஏறாத படி இல்லை. காப்பகத்தில் கணினிச் சான்றிதழ் கேட்டார்கள். வானொலியில் குரல் மெல்லியது என்றார்கள். அமைச்சகத்தில் மேலாண்மை படித்த பையனை எடுத்துக்கொண்டார்கள். சுற்றுலா வந்தவர்களுக்குத் தீவின் கதையைச் சொல்ல ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்த கடற்கரை விடுதியில், காதில் பூ வைத்துக்கொண்டு ஆடத் தெரியுமா என்று கேட்டார்கள். ஆடத் தெரியும் என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். வீம்புக்குத் தெரியாது என்றுவிட்டாள்.

இந்த நிலையில்தான் அலபாட்டி பெரியப்பா அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். குடும்பத்தின் மத்தாய், அதாவது வீட்டார் எல்லோர் தலைக்கும் மேலே இருந்த பெரியவர், போன வருஷம் இறந்ததிலிருந்து அந்தப் பட்டம் காலியாகக் கிடந்தது. பெரியப்பா அதன் மேல் கண்வைத்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்காளி வீட்டு மனாசேயும் கண்வைத்திருந்தார். வழக்கு மன்றத்துக்குப் போகுமுன் இரண்டு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். நம் தீவில் அதுதான் முறை.

"நீ நம்ம பட்டத்தைப் பத்தித்தானே அங்க புத்தகம் எழுதின?" என்றார் பெரியப்பா.

"ஆமா பெரியப்பா. ஆனா அதுல..."

"நல்லது. பள்ளிக்கூடத்துல வரலாற்று வாத்தியார் ஓய்வு பெறுறார். தலைமையாசிரியர் எங்கூடப் பாடகர் குழுவுல நிக்கிறவர். நான் ஒரு வார்த்தை சொன்னா அந்த வேலை உனக்குத்தான். நீ கூட்டத்துக்கு வந்து நம்ம பக்கம் பேசிடு."

ஆசிரியர் வேலை. அவள் படித்த படிப்புக்கு இந்தத் தீவில் இருந்த ஒரே நாற்காலி. கரும்பலகையும் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன.

ஆனால் சிக்கலும் அங்கேதான் இருந்தது. ஆய்வுக்காக அவள் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். யாரும் தம் வம்சக் கதையை அடுத்த வீட்டாரிடம் சொல்வதில்லை. மாணவி என்று நம்பி அவளிடம் சொன்னார்கள். அவள் கண்டுபிடித்தது பெரியப்பா சொல்லிவந்ததும் இல்லை, மனாசே சொல்லிவந்ததும் இல்லை.

அதைச் சொல்லிவிடத்தான் அவளும் பார்த்தாள். மறுநாள் பெரியப்பா கோக்கோ குடிக்கும்போது போய் நின்றாள். "பெரியப்பா, அந்த ஆய்வோட முடிவு என்னன்னா..." என்று தொடங்கினாள். "பெரியவங்க குடிச்சு முடிக்கட்டும்" என்றார். குடித்து முடித்ததும் தூங்கப் போய்விட்டார். இன்னொரு நாள் பேருந்தில் பக்கத்தில் இடம் பிடித்தாள். அவர் பயணம் முழுக்கத் தன் மேடைப் பேச்சை ஒப்பித்துக்கொண்டே வந்தார். அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். "அண்ணன் கேட்டா நீ சொல்லு. கேக்காம நாம போய்ச் சொல்றது மரியாதையில்ல" என்று அப்பா கையை விரித்துவிட்டார். இளையவளிடம் போய் "நீ என்ன எழுதியிருக்க?" என்று கேட்பது பெரியவருக்குக் கௌரவக் குறைச்சல். கேட்காமல் சொல்வது இளையவளுக்கு அதிகப்பிரசங்கித்தனம். நம் ஊரில் கப்பல் பாறையில் மோதப்போவது தெரிந்தால்கூட மாலுமியின் மருமகள் வரிசைக்காகக் காத்திருப்பாள்.

கூட்ட நாள் வந்தது. சுவரில்லாத பெரிய வீட்டில் தூணுக்கு ஒருவராகப் பெரியவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியரும் ஊர் மத்தாய்களில் ஒருவர் என்பதால் நடுத்தூணில் இருந்தார். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் குடிக்கும் ஆவா பானம் சுற்றி வந்து முடிந்தது. மசினா பின்னால் பெண்களோடு காலை மடக்கி உட்கார்ந்து, இந்தப் பூமி பிளந்தால் தேவலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா பேசினார். அழகாகத்தான் பேசினார். மேகத்தையும் மலையையும் மூதாதையரையும் வணங்கிவிட்டு, "எங்க பொண்ணு இதை வெலிங்டன்ல எழுதினப்ப பேராசிரியருங்க எல்லாம் எழுந்து நின்னு கைதட்டினாங்க" என்றார். அப்படி யாரும் தட்டவில்லை. அடிக்குறிப்பில் காற்புள்ளி தவறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான்.

"மசினா, சபைக்குச் சொல்லு. இந்தப் பட்டம் என்னைக்காவது நம்ம வீட்டை விட்டு வெளிய போயிருக்கா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். தலைமையாசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்தபோதுகூட அந்தச் சொல்தான் வரப்போகிறது என்று நம்பினாள். ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கம் அவளுக்குக் கதை சொன்ன கிழவர் மூன்றாவது தூணில் இருந்தார். அந்தப் பக்கம் சொன்னவள் வாசலருகே விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்.

"போயிருக்கு, பெரியப்பா. மூணு தடவை. யாரும் பிடுங்கல, ரெண்டு வீடும் கலந்து பேசித்தான் அந்தப் பக்கம் கொடுத்தாங்க. அப்புறம் பேசித்தான் திரும்பி வந்திருக்கு."

ஓடைக்கு அந்தப் பக்கத்தார் தொடையில் தட்டிக்கொண்டார்கள். மனாசேயின் முகம் மலர்ந்தது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். நாங்க காலங்காலமா சொல்றதைத்தானே சொல்லுது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதி உண்மையோடு நிறுத்த அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நீங்க சொல்றதும் சரியில்லைங்க. பெரியப்பாவோட பூட்டனே ஒரு தத்துப்பிள்ளை, ரத்தமில்லன்னு சொல்றீங்களே, அது தப்பு. பெத்த பிள்ளைதான். அதை எனக்குச் சொன்னதே உங்க வீட்டுலதான்."

தொடையில் தட்டிய கைகள் அப்படியே நின்றன. வாசலருகே விசிறியும் நின்றது.

பெரியப்பா மெதுவாகத் திரும்பினார். கோபத்தைவிட அவர் முகத்தில் குழப்பம்தான் அதிகம். "இதையெல்லாம் ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல, பெரியப்பா."

அன்று அவள் சொன்ன எல்லாவற்றிலும் மோசமானது அதுதான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. விவகாரம் வழக்கு மன்றத்துக்கே போனது. இரண்டு வீட்டு வம்சத்தையும் ஒரு சின்னப் பெண் சபையில் அவிழ்த்துக் கொட்டியதற்கு ஊர்ச்சபை ஒரு பன்றியையும் மீன் டின் பெட்டிகளையும் அபராதம் போட்டது. பன்றி அப்பாவுடையது, அவர் ஆசையாக வளர்த்தது. அதைச் சுட்டுப் பங்கு வைத்தபோது இரண்டு வீட்டாரும் ஒற்றுமையாக உட்கார்ந்து உண்டார்கள். பட்டம் காலியானதிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. மசினா அந்தப் பக்கமே போகவில்லை. சமையல்கொட்டகைக்குப் பின்னால் நின்று, படித்ததையும் பிறந்ததையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் நல்லவர். அவளைக் கூப்பிட்டு நேரில் சொன்னார்.

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்லம்மா. அதான் பிரச்சினை. ஓடைக்கு ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் என் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறாங்க. நீ பாடம் எடுத்தா ரெண்டு பக்கத்துப் பெத்தவங்களும் என் வாசல்ல நிப்பாங்க."

"அப்ப வரலாறு யாரு எடுப்பாங்க, ஐயா?"

அவர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். "இப்போதைக்கு எலிசாலா பாத்துக்கட்டும். பையனுங்க அவன் பேச்சைக் கேப்பாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மசினா அழுதாள். துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். ஊருக்கு வரலாறு வேண்டும், வரலாறு தெரிந்தவள் வேண்டாம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடத் தெரிந்தவனுக்கு அந்த நாற்காலியைக் கொடுப்பதற்கு அவள் எதற்காக வெலிங்டன் குளிரில் நடுங்கினாள்?

சனிக்கிழமை மாலை எலிசாலா வந்தான். கையில் ஒரு மாட்டிறைச்சி டின், அக்குளில் பாடப்புத்தகம். பாயில் உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தான்.

"கோவமா இருக்கன்னு தெரியும். நானா கேட்டு வாங்கல. திங்கக்கிழமை முதல் வகுப்பு, ஒண்ணுமே புரியல. நீ கொஞ்சம் சொல்லிக் கொடுத்தா..."

"முடியாதுண்ணா."

"சரி, வேணாம். நானே பாத்துக்கிறேன்." அவன் பெருமூச்சோடு புத்தகத்தைப் புரட்டினான். "ஜெர்மன்காரன் தொள்ளாயிரத்துப் பதினாலுல வந்தான். அதுலேருந்து ஆரம்பிச்சா போதும்ல?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுப்பைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"பதினாலுல போனான்" என்றாள். "வந்தவன் நியூசிலாந்துக்காரன்."

"அப்படியா?" அவன் அவசரமாகப் பேனாவை எடுத்தான். "சரி, அவன் நல்லவனா, கெட்டவனா? ஒரே வரியில சொல்லிடு. பசங்க எழுதிக்கட்டும்."

ஒரே வரி. பெரியப்பாவும் அந்த ஒரு வரியைத்தான் கேட்டார், மனாசேயும் அதைத்தான் கேட்டார். மசினாவுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. "ஒரு வரியில எப்படிச் சொல்றது?" என்று அவன் எதிரே உட்கார்ந்தாள். காய்ச்சலோடு வந்த கப்பலை நியூசிலாந்துக்காரர்கள் தடுக்காமல் துறைமுகத்தில் விட்டதைச் சொன்னாள். செத்தவர்களை ஊர் ஊராகப் புதைத்ததைச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டபோது, "இரு, இன்னும் முடியல, அதே நாட்டுக்காரங்க ரொம்ப வருஷம் கழிச்சு வந்து மன்னிப்புக் கேட்டதையும் கேளு" என்று பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. கண்ணில் தண்ணீர் நின்றது, கை பாயை அறைந்தது. எலிசாலா பேனாவை மறந்து, அடிபட்ட பையனைப் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவரில்லாத அந்த வீட்டின் தூண்களுக்கு நடுவே லிலியா அத்தை தலையை நீட்டினாள்.

"என்னடா இங்க, சண்டையா?"

"இல்ல அத்தை," என்றான் எலிசாலா, "பாடம்."